உயர்நிலைப் பள்ளியின் கால அட்டவணை எப்படி உருவாகிறது?

ஓர் உயர்நிலைப் பள்ளி தன் அன்றாடக் கால அட்டவணையை எவ்வாறு அமைக்கிறது என்பதும், ஒரு பிரிவுக்குக் கணக்குப் பாடம் வாரத்தில் மூன்று நாள் கடைசிப் பாடவேளையில் வரும்போது அதைக் காலைக்கு மாற்றித் தரப் பள்ளி ஏன் தயங்குகிறது என்பதும் கேள்வி. முதல் கேள்விக்கு முறையாக விடை சொன்னால் இரண்டாவதற்கான விடை அதிலிருந்தே கிடைக்கும் என்பதால் அந்த வரிசையிலேயே செல்கிறேன். இந்தப் பொறுப்பைப் பல ஆண்டுகள் ஏற்றிருந்த அனுபவத்தில் முதலில் சொல்ல வேண்டியது, கட்டங்களை நிரப்புவது கால அட்டவணைப் பணியின் கடைசிப் பகுதி மட்டுமே என்பதுதான். ஒரு நாளை இடைவேளைகள் எங்கே பிரிக்கின்றன, எந்த ஆசிரியருக்கு எந்தெந்தப் பிரிவுகள் ஒதுக்கப்படுகின்றன, எத்தனை ஆய்வகங்கள் இருக்கின்றன என்ற மூன்றும் முடிவானவுடனேயே, எந்தப் பாடம் எப்போது வரலாம் என்பதில் பெரும்பகுதி முடிவாகிவிடுகிறது. பின்னால் எழும் குறைகளில் பெரும்பாலானவற்றின் வேர் அங்கேதான் இருக்கிறது.

எண்களோடு பார்த்தால்தான் இது விளங்கும் என்பதால் ஒரு மாதிரிப் பள்ளியை எடுத்துக்கொள்வோம். ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை, வகுப்புக்கு 4 பிரிவுகள் வீதம் 20 பிரிவுகள். வாரத்துக்கு 5 வேலை நாள்கள். நாளுக்கு 40 நிமிடம் கொண்ட 8 பாடவேளைகள். காலை 8.30 மணிக்குக் கூட்டமும் வருகைப் பதிவும், 8.45 முதல் 10.45 வரை மூன்று பாடவேளைகள், 15 நிமிட இடைவேளை, 11.00 முதல் 12.20 வரை இரண்டு பாடவேளைகள், 40 நிமிட உணவு இடைவேளை, 1.00 முதல் 3.00 வரை மூன்று பாடவேளைகள். ஒவ்வொரு பிரிவுக்கும் வாரத்தில் கிடைக்கும் 40 பாடவேளைகளில் கணக்குக்கு 7, அறிவியலுக்கு 7, முதல் மொழிக்கு 6, இரண்டாம் மொழிக்கு 6, சமூக அறிவியலுக்கு 5, விருப்பப் பாடத்துக்கு 3, உடற்கல்விக்கு 2, ஓவியம், இசை, கணினி, நூலகம் ஆகியவற்றுக்குத் தலா 1 என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலான இடங்களில் இந்தப் பங்கீட்டைக் கல்வித் துறையோ தேர்வு வாரியமோ வரையறுத்துவிடுவதால், பள்ளிக்கு இதில் பெரிய சுதந்திரம் இருப்பதில்லை.

அடுத்து வருவது ஆசிரியர் கணக்கு. 20 பிரிவுகளுக்குத் தலா 40 பாடவேளைகள் என்றால் வாரத்தில் 800 பாடவேளைகளுக்கு ஆள் வேண்டும். விருப்பப் பாடத்தின்போது ஒரு வகுப்பின் நான்கு பிரிவு மாணவர்களும் ஐந்து குழுக்களாகப் பிரிந்து அமர்ந்தால், அந்த நேரத்தில் நான்கு ஆசிரியர்களுக்குப் பதில் ஐந்து பேர் தேவைப்படுவார்கள். ஐந்து வகுப்புகளுக்கு 3 பாடவேளைகள் வீதம் இது 15-ஐக் கூட்டுகிறது. ஆக 815. ஓர் ஆசிரியர் வாரத்தில் 28 பாடவேளைகள் எடுப்பார் என்றால் குறைந்தது 30 ஆசிரியர்கள் வேண்டும். பள்ளியில் 27 பேர்தான் இருக்கிறார்கள் என்றால் எந்தத் திறமையான அட்டவணையாலும் அதைச் சரிக்கட்ட முடியாது. ஒவ்வொருவரின் சுமையும் 30-ஐத் தாண்டும், அல்லது சில பிரிவுகளைச் சேர்த்து உட்கார வைக்க வேண்டியிருக்கும். மொத்தக் கணக்கு சரியாக இருந்தாலும் பாடவாரியாகவும் பார்க்க வேண்டும். மொழி ஆசிரியர் இருவர் மிகுதியாகவும் அறிவியல் ஆசிரியர் ஒருவர் குறைவாகவும் இருந்தால், 30 என்ற மொத்த எண்ணிக்கையால் பயனில்லை.

இனி இடைவேளைகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலரும் கவனிக்காமல் விடுவது இதைத்தான். மாதிரிப் பள்ளியில் ஒவ்வொரு பிரிவுக்கும் அறிவியலின் 7 பாடவேளைகளில் இரண்டு, தொடர்ந்து வரும் இரட்டைப் பாடவேளையாக ஆய்வகத்தில் நடக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 20 பிரிவுகளுக்கு 40 ஆய்வகப் பாடவேளைகள். வாரத்திலும் 40 பாடவேளைகள். ஆகவே ஓர் ஆய்வகம் போதும் என்று தோன்றும். ஆனால் போதாது. இரட்டைப் பாடவேளை இடைவேளையைத் தாண்டிச் செல்லக் கூடாது. விளக்கில் கொதித்துக்கொண்டிருக்கும் குடுவையை அப்படியே விட்டுவிட்டு மாணவர்கள் வெளியே போக முடியாது. மூன்று, இரண்டு, மூன்று என்று பிரிந்திருக்கும் நாளில் ஒவ்வொரு பகுதியிலும் ஓர் இரட்டைப் பாடவேளைதான் பொருந்தும். நாளுக்கு 3, வாரத்துக்கு 15. மீதமுள்ள 5 பிரிவுகளுக்கு இடமே இல்லை. இதே நாளை இரண்டு, இரண்டு, இரண்டு, இரண்டு என்று பிரித்து, ஆறாம் பாடவேளைக்குப் பின் 10 நிமிடம் கூடுதல் இடைவேளை விட்டால், நாளுக்கு 4 இரட்டைப் பாடவேளைகள் வீதம் வாரத்துக்குச் சரியாக 20 கிடைக்கும்; பள்ளி 3.00 மணிக்குப் பதில் 3.10-க்கு முடியும். புதிய கட்டடமோ புதிய ஆசிரியரோ இல்லாமல், மணி அடிக்கும் நேரத்தை மாற்றியதால் மட்டுமே கிடைத்த பலன் இது. ஆனாலும் முழுவதும் நிரம்பிய ஆய்வகத்தில் அடுத்த சோதனைக்குப் பொருள்களை எடுத்து வைக்க உதவியாளருக்கு நேரம் இருக்காது என்பதால், கீழ்வகுப்புகளுக்கு ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் ஆய்வகம் என்று வைப்பதையே நான் பரிந்துரைப்பேன்.

உணவு இடைவேளையை எல்லாருக்கும் ஒரே நேரத்தில் விடுவதா, கீழ்வகுப்புக்கும் மேல்வகுப்புக்கும் தனித்தனியாக விடுவதா என்பதை உணவுக்கூடத்தின் இருக்கைகளும் குடிநீர்க் குழாய்களும் கழிப்பறைகளும் முடிவு செய்கின்றன. தனித்தனியாக விட்டால் நெரிசல் குறையும். ஆனால் இரு பகுதியிலும் பாடம் எடுக்கும் ஆசிரியர் சாப்பிட நேரமில்லாமல் போகக்கூடும் என்பதைத் தனியே சரிபார்க்க வேண்டும். அறைக்கு அறை நகரும் நேரமும் இப்படித்தான். மாணவர்கள் தம் அறையிலேயே இருக்க, ஆசிரியர்கள் மாறி வந்தால் இழப்பு குறைவு. பாடத்துக்கு ஓர் அறை என்று வைத்து மாணவர்களை நகரச் செய்தால், இடைவேளை வராத 5 மாறுதல்களுக்கு 5 நிமிடம் வீதம் நாளுக்கு 25 நிமிடமும் வாரத்துக்கு 125 நிமிடமும் செலவாகும். ஏறக்குறைய மூன்று பாடவேளைகள். அட்டவணையில் அந்த 5 நிமிடத்தைக் காட்டாமல் விட்டால் இழப்பு மறைந்துவிடாது, அடுத்த பாடத்தின் தொடக்கத்திலிருந்து எடுத்துக்கொள்ளப்படும்.

பாடவேளையின் நீளம் குறித்து நெடுங்காலமாக வாதம் நடக்கிறது. அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகள் பலவற்றில் 1990-களில் பரவிய முறையில், நாளுக்கு ஏறத்தாழ 90 நிமிடம் கொண்ட நான்கே பாடவேளைகள் இருக்கும். ஆய்வகம், ஓவியம், நீண்ட விவாதம் ஆகியவற்றுக்கு இது மிகவும் ஏற்றது. புதிய மொழியைக் கற்பதற்கும் தொடக்க நிலை இசைக்கும் அன்றாடம் சிறிது நேரம் பழகுவதே பயன் தரும் என்பதால் அவற்றுக்கு இது ஏற்றதன்று. தவிர, ஒரு நாள் விடுப்பு எடுக்கும் மாணவர் ஒரு பாடத்தில் இரண்டு பாடவேளைகளுக்குரிய பகுதியை ஒரேயடியாக இழக்கிறார். எனவே அடிப்படை அலகைக் குறுகியதாக வைத்து, தேவையான பாடங்களுக்கு மட்டும் இரண்டை இணைத்துத் தருவதே பெரும்பாலான பள்ளிகளுக்கு ஏற்றது என்பது என் உறுதியான கருத்து.

ஆசிரியர் ஒதுக்கீடு தலைமையாசிரியரும் பாடத்துறைத் தலைவர்களும் கூடி முடிவு செய்வது. அட்டவணை தயாரிப்பவரையும் அந்தக் கூட்டத்தில் உட்கார வைக்காத பள்ளி தனக்குத்தானே சிக்கலை உண்டாக்கிக்கொள்கிறது. மாதிரிப் பள்ளியில் கணக்குக்கு மொத்தம் 140 பாடவேளைகள். 28 வீதம் 5 ஆசிரியர்கள். ஒவ்வொருவருக்கும் 4 பிரிவுகள். ஒருவருக்கு ஒரே வகுப்பின் நான்கு பிரிவுகளையும் கொடுத்தால் அவர் ஒரு பாடத்துக்குத் தயாரித்தால் போதும். நான்கு வெவ்வேறு வகுப்புகளைக் கொடுத்தால் நான்கு தயாரிப்புகள், நான்கு வகை வினாத்தாள்கள். ஆனால் ஒருவரே ஒரு வகுப்பு முழுவதையும் எடுத்தால், அவர் நீண்ட விடுப்பில் செல்லும்போது அந்த வகுப்பு முழுவதும் பாதிக்கப்படும். வகுப்பாசிரியரே தம் பிரிவுக்கு நாள்தோறும் முதல் பாடவேளை எடுக்க வேண்டும் என்ற விதி இருக்கும் பள்ளிகளில் நெருக்கடி இன்னும் அதிகம். கணக்கு ஆசிரியர் ஒரு பிரிவின் வகுப்பாசிரியர் என்றால் அந்தப் பிரிவுக்கு வாரத்தின் ஐந்து முதல் பாடவேளைகளும் கணக்கு. அவருடைய மற்ற மூன்று பிரிவுகளுக்கு முதல் பாடவேளையில் கணக்கு ஒருபோதும் வராது. வருகைப் பதிவைக் காலைக் கூட்டத்தின் 15 நிமிடத்துக்குள் முடித்துவிட்டு முதல் பாடவேளையை இந்தக் கட்டிலிருந்து விடுவிப்பது, செலவே இல்லாத நல்ல சீர்திருத்தம்.

ஒதுக்கீடு முடிந்த பின்னரே கட்டங்களுக்கு வருகிறோம். அங்கே நிரப்பும் வரிசை முக்கியம்: இடம் கிடைப்பது எதற்கு மிகவும் அரிதோ அதுவே முதலில் உட்கார வேண்டும். விருப்பப் பாடத்தில் ஒரு வகுப்பின் நான்கு பிரிவுகளும் ஒரே நேரத்தில் பிரிய வேண்டும். அதே ஐந்து ஆசிரியர்கள்தாம் எல்லா வகுப்புகளுக்கும் என்றால் இரண்டு வகுப்புகளுக்கு ஒரே நேரத்தில் விருப்பப் பாடம் வைக்க முடியாது. ஆகவே வாரத்தின் 40 இடங்களில் 15 இதற்கே போய்விடும். அந்த ஐவரில் ஒருவர் வாரத்தில் இரண்டு நாள் மட்டுமே வரும் பகுதிநேர ஆசிரியர் என்றால், அவருடைய 16 பாடவேளைகளுக்குள் 15-ஐயும் அடக்க வேண்டும். அப்போது ஒரு வகுப்பின் மூன்று விருப்பப் பாடவேளைகளில் இரண்டு ஒரே நாளில் விழுவதைத் தவிர்க்கவே முடியாது. இவற்றுக்குப் பின் ஆய்வக இரட்டைப் பாடவேளைகள், அதற்குப் பின் மைதானத்தைப் பொறுத்த உடற்கல்வி, பின் கணக்கு, அறிவியல், மொழிகள், சமூக அறிவியல், இறுதியில் தனித்து நிற்கும் ஒற்றைப் பாடவேளைகள் என்று வைப்பதே வழக்கம். புதிதாகப் பொறுப்பேற்பவர்கள் திங்கட்கிழமை முதல் பாடவேளையில் தொடங்கி வரிசையாக நிரப்ப முயன்று, வியாழக்கிழமை அளவில் நகர முடியாமல் நின்றுவிடுவார்கள்.

இந்தச் சிக்கலுக்குக் கணிதத்தில் ஒரு தெளிவான விளக்கம் உண்டு. ஹங்கேரியக் கணிதவியலாளர் டேனெஷ் கோனிக் 1916-ஆம் ஆண்டு நிறுவிய ஒரு தேற்றத்தின்படி, ஓர் ஆசிரியர் ஒரே நேரத்தில் இரண்டு பிரிவுகளில் இருக்கக் கூடாது, ஒரு பிரிவுக்கு ஒரே நேரத்தில் இரண்டு ஆசிரியர்கள் வரக் கூடாது என்ற இரண்டு நிபந்தனைகள் மட்டுமே இருந்து, எவருக்கும் 40-க்கு மேல் பாடவேளைகள் இல்லையென்றால், முரணற்ற அட்டவணை கட்டாயம் உண்டு. அதை விரைவாகக் கண்டுபிடிக்கவும் முடியும். ஆனால் சில ஆசிரியர்கள் சில நேரங்களில் வர இயலாது என்ற நிபந்தனையைச் சேர்த்தவுடன் நிலைமை தலைகீழாகிறது. அந்நிலையில் இது, எல்லாச் சூழலுக்கும் பொருந்தும் விரைவான தீர்வுமுறை அறியப்படாத கடினமான கணக்குகளின் வகையில் சேர்கிறது என்று 1976-இல் வெளியான ஓர் ஆய்வு நிறுவியது. பகுதிநேர ஆசிரியர்களையும் அவர்களால் வர இயலாத நேரங்களையும் முதலில் கவனிக்க வேண்டும் என்று அனுபவசாலிகள் சொல்லி வந்ததற்குப் பின்னால் இப்படியொரு அடிப்படை இருக்கிறது.

இன்று அன்டிஸ், ஏஎஸ்சி டைம்டேபிள்ஸ், இலவசமாகக் கிடைக்கும் ஃபெட் போன்ற மென்பொருள்கள் இந்த வேலையைப் பெருமளவு எளிதாக்கியிருக்கின்றன. அவற்றைப் பயன்படுத்தத் தயங்க வேண்டியதில்லை. ஆனால் எது கட்டாயம், எது விருப்பம் என்று மென்பொருளுக்குச் சொல்வது மனிதரின் வேலை. ஒவ்வொருவரின் விருப்பத்தையும் கட்டாயம் என்று பதிந்தால் அட்டவணையே கிடைக்காது. அப்போது அவசரத்தில் எதைத் தளர்த்துகிறோம் என்பதில்தான் அநீதிகள் நுழைகின்றன. எந்த நிபந்தனையை முதலில் விட்டுக்கொடுப்பது என்று முன்கூட்டியே ஆசிரியர் கூட்டத்தில் பேசி எழுதி வைத்துக்கொள்ளும் பள்ளிகளில் மனத்தாங்கல் குறைவாக இருக்கும்.

கட்டங்கள் நிரம்பிவிட்டன என்பதால் அட்டவணை நன்றாக இருக்கிறது என்று பொருளாகாது. வாரத்தில் இரண்டே பாடவேளைகள் உள்ள பாடம் அடுத்தடுத்த நாள்களில் வந்தால், பின் ஐந்து நாள் மாணவர் அதைத் தொடுவதே இல்லை. ஒரே ஒரு பாடவேளை உள்ள ஓவியம் திங்கட்கிழமையில் விழுந்து, அந்த ஆண்டு விடுமுறைகள் திங்கட்கிழமைகளிலேயே மிகுதியாக வந்தால், அந்தப் பிரிவு பல வாரங்களை இழக்கும். இதற்காகவே ஹாங்காங், கனடா போன்ற இடங்களில் பல பள்ளிகள் கிழமையை விட்டுவிட்டு ‘முதல் நாள்’, ‘இரண்டாம் நாள்’ என்று ஆறு நாள் போன்ற சுழற்சியைப் பின்பற்றுகின்றன. விடுமுறை வந்தால் சுழற்சி அப்படியே நின்று மறுநாள் தொடரும். பகுதிநேர ஆசிரியர்கள் குறிப்பிட்ட கிழமைகளில் மட்டுமே வரும் பள்ளிக்கு இது ஒத்துவராது. இங்கிலாந்தில் பரவலாக உள்ள இரண்டு வார அட்டவணை, வாரத்துக்கு இரண்டரைப் பாடவேளை தர வேண்டிய பாடங்களுக்கு உதவும்.

நேரத்துக்கும் கற்றலுக்கும் உள்ள தொடர்பு வெறும் நம்பிக்கையன்று. டென்மார்க்கின் தேசியத் தேர்வுகளைக் கொண்டு 2016-இல் வெளியான ஓர் ஆய்வு, தேர்வு ஒவ்வொரு மணி நேரம் தள்ளிப் போகும்போதும் மதிப்பெண் திட்ட விலக்கத்தில் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு பரவிக் கிடக்கின்றன என்பதன் அளவு) 0.9 சதவீதம் குறைவதையும், 20 முதல் 30 நிமிட இடைவேளைக்குப் பின் எழுதினால் 1.7 சதவீதம் கூடுவதையும் கண்டது. விளைவு சிறியதுதான், ஆனால் கடைசிப் பாடவேளையின் சுமையை ஒரே பாடத்தின் மீது ஏற்றக் கூடாது என்பதற்கும், பிற்பகலில் ஒரு சிறு இடைவேளை தேவை என்பதற்கும் அது போதிய காரணம். அதைவிடப் பெரிய விஷயம் பள்ளி தொடங்கும் நேரம். வளரிளம் பருவத்தில் உறக்கத்தைத் தூண்டும் மெலடோனின் சுரப்பு இரவில் தாமதமாகவே தொடங்குவதால், சீக்கிரம் படு என்று சொல்வது மட்டும் பயன் தராது. இந்த வயதினருக்கான பள்ளிகள் காலை 8.30-க்கு முன் தொடங்கக் கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2014-இல் பரிந்துரைத்தது. கலிபோர்னியாவில் உயர்நிலைப் பள்ளிகளுக்கு இது 2022 முதல் சட்டமாகவே நடைமுறையில் இருக்கிறது. சியாட்டில் நகரப் பள்ளிகள் 2016-இல் தொடக்கத்தை 7.50-லிருந்து 8.45-க்கு மாற்றிய பின் மாணவர்களின் உறக்கம் நாளுக்கு 34 நிமிடம் கூடியது அளந்து அறியப்பட்டது. போக்குவரத்தையும் பெற்றோரின் வேலை நேரத்தையும் காரணம் காட்டி இதைத் தள்ளிப்போடும் பள்ளிகள், 15 நிமிடமாவது தள்ளித் தொடங்க முடியுமா என்று பார்க்கலாம்.

ஆசிரியரின் நாளும் அட்டவணைக்குள் அடங்கியதே. 28 பாடவேளைகள் என்றால் நாளுக்கு ஐந்து அல்லது ஆறு. அவற்றில் நான்குக்கு மேல் தொடர்ந்து வந்தால் குரலும் பொறுமையும் தாங்காது. விடுப்பில் இருப்பவருக்குப் பதில் வகுப்பு எடுக்க ஆள் வேண்டும் என்பதையும் இங்கேயே யோசிக்க வேண்டும். மாதிரிப் பள்ளியில் 20 பிரிவுகளிலும் எப்போதும் பாடம் நடப்பதால், 30 பேரில் ஏறத்தாழ 10 பேர் எந்தப் பாடவேளையிலும் ஓய்வாக இருப்பார்கள். பகுதிநேரமாக வருபவர்கள் இருந்தால் பள்ளிக்குள் இருப்பவர்கள் அதைவிடக் குறைவு. எண்ணிக்கை தானாகவே சீராக இருந்தாலும், அவர்கள் யார் என்பது சீராக இருக்காது. ஐந்து கணக்கு ஆசிரியர்களும் ஒரே நேரத்தில் வகுப்பில் இருந்தால், விடுபட்ட கணக்கு வகுப்பைப் பார்க்க இசை ஆசிரியர்தான் போக நேரும். பிள்ளைகள் அமைதியாக உட்கார்ந்திருப்பார்கள், பாடம் நகராது. பாடத்துக்கு ஒருவராவது ஒவ்வொரு பாடவேளையிலும் ஓய்வாக இருக்கும்படி அமைப்பது கடினம். ஆனால் அதற்காகச் செலவிடும் உழைப்பு ஆண்டு முழுவதும் பயன் தரும்.

இப்போது கடைசிப் பாடவேளைக் கணக்குக்கு வரலாம். எல்லாப் பிரிவுக்கும் கணக்கைக் காலையிலேயே வைக்க முடியாது. ஐந்து ஆசிரியர்களும் உணவு இடைவேளைக்கு முந்தைய ஐந்து பாடவேளைகளையும் ஓய்வே இல்லாமல் எடுத்தாலும் வாரத்துக்கு 125 தான் ஆகும், தேவை 140. ஆய்வகத்துக்காக நாளை இரண்டிரண்டாகப் பிரித்திருந்தால் உணவுக்கு முன் நான்கே பாடவேளைகள் என்பதால் அந்த 125-ம் 100 ஆகச் சுருங்கும். எனவே சில பிரிவுகளுக்குக் கணக்கு பிற்பகலில் வருவது குற்றமில்லை. ஆனால் வாரத்தின் 40 பாடவேளைகளில் 7 கணக்கு என்றால், ஐந்து கடைசிப் பாடவேளைகளில் கணக்கின் நியாயமான பங்கு ஏறக்குறைய ஒன்றுதான். மூன்று என்பது பெற்றோர் கேட்டே தீர வேண்டிய அளவு.

மாற்றுவது ஏன் கடினம் என்றால், ஒரு கட்டத்தை மட்டும் தனியே மாற்ற முடியாது. ‘அ’ பிரிவின் செவ்வாய் எட்டாம் பாடவேளைக் கணக்கை, அதே ஆசிரியர் ‘ஆ’ பிரிவில் எடுக்கும் இரண்டாம் பாடவேளையோடு மாற்றிக்கொள்ள நினைக்கிறோம். அப்போது ‘அ’ பிரிவில் இரண்டாம் பாடவேளை எடுத்துவந்தவர் எட்டாம் பாடவேளைக்குப் போக வேண்டும். ‘ஆ’ பிரிவில் எட்டாம் பாடவேளை எடுத்துவந்தவர் இரண்டாம் பாடவேளைக்கு வர வேண்டும். முதலாமவர் எட்டாம் பாடவேளையில் ‘இ’ பிரிவில் இருந்தால் அந்தப் பிரிவையும் கலைக்க வேண்டும். இப்படி ஒன்றைத் தொட்டு ஒன்று, ஐந்தாறு பிரிவுகள் வரை சங்கிலி நீளும். ஆனால் அந்த இருவரும் ஒரே ஆசிரியராக இருந்தால், அதாவது ‘அ’ பிரிவுக்கு இரண்டாம் பாடவேளையில் சமூக அறிவியல் எடுப்பவரே ‘ஆ’ பிரிவுக்கு எட்டாம் பாடவேளையில் எடுப்பவராக இருந்தால், வேறு யாரையும் தொடாமல் மாற்றம் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். ஒதுக்கீட்டின்போதே இரண்டிரண்டு பிரிவுகளுக்கு ஒரே ஆசிரியர் குழுவைத் தந்திருக்கும் பள்ளியில் இத்தகைய இடங்கள் பல கிடைக்கும். ஆசிரியர்களை அங்கொருவர் இங்கொருவராகச் சிதறவிட்ட பள்ளியில் தேடினாலும் கிடைக்காது. ஆகவே பெற்றோர் இப்போது கேட்கும்போது, காலைக்கு மாற்றுங்கள் என்று பொதுவாகக் கேட்பதைவிட, அதே கணக்கு ஆசிரியரின் மற்ற மூன்று பிரிவுகளில் கடைசிப் பாடவேளை எத்தனை முறை வருகிறது என்று கேட்டு, குறைவாக உள்ள பிரிவோடு ஒரு நாளையாவது மாற்றிக்கொள்ள வழியுண்டா என்று கேட்பது பயன் தரும். அடுத்த ஆண்டுக்கான கோரிக்கையை ஆசிரியர் ஒதுக்கீட்டுக் கூட்டம் நடப்பதற்கு முன்பே எழுத்தில் தலைமையாசிரியரிடம் கொடுத்துவிட வேண்டும்.